ஒன்பது வினாடி

முந்திரித் தோப்பில் பதினாறு கேமரா கட்டினோம்,
முழங்காலுக்கும் கீழே,
அழுங்கு நடக்கும் உயரத்தில்.

முதல் மாதத்து அட்டையில் இருந்தவை:
நாய். நாய். ஆடு. கீரிப்பிள்ளை.
சருகு கூட்டும் அஞ்சலாட்சியின் வெடித்த குதிகால்.
ஒதுங்க வந்த ஒருவர்
(அழித்துவிட்டேன், யாரென்று தெரியும்).
காற்றில் ஆடிய ஒரே கிளை,
எழுநூறு முறை.

இருக்கிறதா இல்லையா என்று
பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம்.
இல்லை என்று சொல்லவும்
ஆயிரம் இரவு வேண்டும் என்று எழுதி
அனுப்பாமல் வைத்தேன்.

முத்தாண்டிக்குப்பம் டீக்கடையில் பாவாடை சொன்னார்:
"தானே புயலுக்கு முந்தி ரெண்டு புடிச்சிருக்கேன்.
பந்தாச் சுருண்டுக்கும். ஓடாது, கடிக்காது.
விழுந்த தேங்காய எடுக்கிற மாதிரி எடுத்துக்கலாம்."
சொல்லும்போது அவர் கைகள் குவிந்து
இல்லாத ஒன்றை ஏந்தி நின்றன.
எவ்வளவுக்குப் போனது என்று கேட்டேன்.
"மகளுக்குக் கம்மல் வாங்கினேன்."
என் கேள்வித்தாளில்
அதற்குக் கட்டம் இல்லை.

புலியின் பல்லும் இறங்காத சுருள்.
ஓர் உரச்சாக்கில் அடங்கிவிடுகிறது.

தை மாதம் வனச்சரக அலுவலகத்தில்
பிடிபட்ட செதில்களை எடைபோட அழைத்தார்கள்.
நம் நகம் எதனால் ஆனதோ அதனால்தான் அதுவும்.
மேசையில் கொட்டியபோது
சோழி குலுக்கிய சத்தம்.
பதினோரு கிலோ.
எத்தனை உருப்படி இருக்கும் என்றார் வனவர்.
வகுத்துப் பார்த்து மூன்று என்றேன்.
கொஞ்சம் மீந்தது.
மீந்தது குட்டியாக இருக்கலாம்.
அதைச் சொல்லவில்லை,
அவரும் எழுதிக்கொண்டிருந்தார்.

அழுங்குதல் என்றால் வருந்துதல் என்கிறது அகராதி.
அழுங்குப்பிடி என்றால் விடாப்பிடி என்கிறது ஊர்.
இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு
மாசியும் போனது.

அஞ்சலாட்சிக்குக் கைரேகை கிடையாது.
கொட்டை உடைத்து உடைத்து
முந்திரி எண்ணெய் தின்றுவிட்டது.
ரேஷன் கடைக் கருவி மூன்று தடவை அவளை
ஆளே இல்லை என்று சொல்லும்.
தடம் தேடிச் சம்பளம் வாங்கும் என்னை
அவள்தான் கூட்டிப்போனாள்:
தானே சாய்த்த மரம், பெயர்க்காமல் விட்ட அடிக்கட்டை,
கறையான் ஏறிய வேருக்கடியில் ஒரு வளை.
வாயில் ஈரச் செம்மண், நேற்றுத் தள்ளியது.
"நைட் ஷிப்ட் போல" என்றாள்.

அந்த வரிசையைத்தான் தனகோட்டி
ஒட்டுக்கன்று வைக்க ஜேசிபி பேசியிருந்தார்.
மூன்று நாள் அவர் வாசலில் உட்கார்ந்தேன்.
சட்டம் சொன்னேன், தலையாட்டினார்.
அழிவு சொன்னேன், மோர் கொடுத்தார்.
கறையானை அது எவ்வளவு தின்னும் என்றபோதுதான்
நாற்காலியை இழுத்துப் போட்டார்.
"அப்ப மருந்துச் செலவு?"
"குறையும்."
"எவ்ளோ?"
தெரியாது என்ற உண்மையைச் சொன்னேன்.
வெகுநேரம் தோப்பைப் பார்த்தார்.
"அடுத்த சித்திர வரைக்கும் வுடுறேன்.
அதுக்கு மேல கேக்காத."

எண்பத்தேழாம் இரவு, இரண்டு மணி பத்து.
முன்னங்கால் நகத்தை மடித்துக்கொண்டு
ஏதோ கடனுக்கு அஞ்சும் ஆள்போல வந்தது.
வாலின் அடியில் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி,
இன்னும் செதில் முற்றாதது.
மண்ணை மோந்தது.
ஒன்பது வினாடி.
பிறகு மீண்டும் அந்தக் கிளை.

அறிக்கையில் இடம் கேட்கும் கட்டம்.
புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம்.
நான்கை அழித்தேன்.
தண்ணீர் குடித்துவிட்டு வந்து
இன்னொன்றையும்.
இப்போது அது
பண்ருட்டிக்கும் கடலுக்கும் நடுவே
எங்கோ இருக்கிறது.

மறுநாள் டீக்கடையில் பாவாடை கேட்டார்:
"ஏதாச்சும் மாட்டுச்சா?"
"நாய்தான்."
என் செருப்பில் ஒட்டியிருந்த
ஈரச் செம்மண்ணைப் பார்த்தார்.
டீக்குக் காசை அவரே கொடுத்தார்.